நாளுக்கு ஒரு கடுகு

சீனி முகம்மதின் ரொட்டிக்கல் எங்கிருந்து வந்தது என்பதற்கு மூன்று வரலாறுகள் உண்டு. மூன்றையும் சொன்னவர் அவர்தான். காலையில் சாப்பிட வருகிறவர்களுக்கு அது பினாங்குத் துறைமுகத்தில் மூழ்கிய ஒரு நீராவிக் கப்பலின் கொதிகலன் மூடி. மத்தியானம் வருகிறவர்களுக்கு அது பட்டர்வொர்த்தில் ஓய்வு பெற்ற ஒரு ரயில் இன்ஜினின் அடிவயிறு. படம் பிடிக்க வரும் வெள்ளைக்காரர்களுக்கோ அது வானத்திலிருந்து விழுந்தது. விழுந்த கல்லை நகர்த்த முடியாததால் அதைச் சுற்றிக் கடையைக் கட்டினோம் என்பார்.

உண்மையில் அது இரண்டு முழக் குறுக்களவில், ஒரு விரல் கனத்தில் வட்டமான வார்ப்பிரும்பு. இந்த உண்மையை யாரும் கேட்டதில்லை.

சூலியா தெருவிலிருந்து பிரியும் சந்தில், அந்தக் கல்லின் முன்னால் அவர் நாற்பத்தொரு வருடமாக நிற்கிறார். மாவை அவர் வீசினால் உயரம் போகும். தொண்ணூற்றெட்டில் வீசிய ஒன்று இன்னும் இறங்கவில்லை. சந்தேகப்படுகிறவர்களுக்குக் கூரையில் ஓட்டையைக் காட்டுவார்.

காலை ஆறரைக்கு, அடுப்பு எரிந்து கல் காய்ந்ததும், ஒரு தகரக் கோப்பை ஐஸ் தண்ணீரை எடுத்து அதன் மேல் வீசுவார். 'ஸ்ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் சந்து முழுக்கப் போகும். அந்தச் சத்தத்துக்குத்தான் எதிர்வீட்டுச் சீனக் கிழவர் கண் விழிப்பார், பக்கத்துக் கடைக்காரர் கதவைத் தூக்குவார். கொம்தார் கோபுரத்தில் கடிகாரத்தைத் திருத்தி வைப்பதும் அதைக் கேட்டுத்தான் என்று சீனி முகம்மது சொல்வார். கோபுரத்தில் இருப்பவர்கள் இதை மறுத்ததில்லை. அவர்களிடம் யாரும் கேட்டதுமில்லை.

ஒரு திங்கட்கிழமை 'ஸ்ஸ்ஸ்ஸ்' என்பதற்குப் பின்னால் சின்னதாக இன்னொரு சத்தம் வந்தது. 'டிக்.'

கல்லின் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒரு முடி கிடந்தது. சீனி முகம்மது அதைத் துணியால் துடைத்தார். முடி வரவில்லை. கத்தி முனையால் சுரண்டினார். அப்போதும் வரவில்லை. அப்புறம்தான் அது முடியில்லை, விரிசல் என்று ஒப்புக்கொண்டார், அதுவும் தன்னிடம் மட்டும்.

ஆனால் மகள் ஹுஸ்னாவுக்குக் கண் இருந்தது. ஆறு வருடமாகக் கடை அவள் கையில், கல் மட்டும் அத்தாவின் கையில். நிபோங் திபாலில் ஒரு கடையில் கல் இரண்டாகப் பிளந்து, கொதிக்கும் எண்ணெய் ரொட்டி போடுகிறவரின் காலில் கொட்டிய கதை அவளுக்குத் தெரியும். அது கதையில்லை என்பதும் தெரியும்.

"அத்தா, இது ரெண்டா போச்சுன்னா எண்ணெய் உங்க கால்லதான் ஊத்தும்."

"என் கால் எண்ணெயைவிடச் சூடு, புள்ள."

"வெளையாட்டு வேணாம்." ஹுஸ்னா ஓர் ஆணியை எடுத்து, விரிசல் போகும் பாதையில், நான்கு விரல் தள்ளிக் குறுக்கே ஒரு கோடு கீறினாள். "விரிசல் இந்தக் கோட்டைத் தாண்டுச்சுன்னா நீங்க கல்லை விட்டுடணும். புதுக் கல், புது ஆளு. நீங்க கல்லாவுல உக்காந்துக்கணும்."

கடையில் இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இருபது பேரும் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஆள் பார்க்கும்போது சீனி முகம்மதுக்கு வாய் நிற்காது.

"தாண்டட்டும். தாண்டுன அன்னிக்கு நானே சொங்கோக் தொப்பி போட்டுக்கிட்டு அங்க போய் உக்காந்துக்குறேன்."

சொன்ன பிறகுதான் கல்லா நாற்காலியைப் பார்த்தார். மெத்தை போட்ட, காற்றாடிக்கு நேர் கீழே இருக்கும் நல்ல நாற்காலி. அதில் கடைசியாக ஓய்வெடுத்தவர் அவருடைய அண்ணன். உட்கார்ந்த எட்டாம் மாதம் அண்ணன் சுவரில் படமாகிவிட்டார். நாற்காலிக்கும் படத்துக்கும் இடையில் நான்கு அடிதான்.

மறுநாளிலிருந்து சீனி முகம்மது அளக்க ஆரம்பித்தார். அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், குளிர்ந்த கல்லில் விரிசலை ஒட்டிக் கடுகுகளை வரிசையாக வைப்பார். நாளுக்கு ஒரு கடுகு கூடியது. கோட்டுக்கு இன்னும் நாற்பத்து நான்கு கடுகு இருந்தது. வாடிக்கையாளர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் வீட்டுக் கணக்கைவிடக் கவனமாகக் கேட்டு வைத்துக்கொண்டார்கள்.

கெலுகோர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் ரூபினி ஒரு காலை வழக்கம்போல மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து கல்லை எட்டிப் பார்த்தாள்.

"என்ன பாய், கல்லுக்குத் தாளிக்கிறீங்களா?"

"அளக்குறேன்மா. நாளுக்கு ஒரு கடுகு ஓடுது."

ரூபினி குனிந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை. அவளுடைய முட்டை ரொட்டி ஆறிப்போனது.

"இது என் வேலை பாய்."

"ஒடைக்கிறதா?"

"ஒடையிறதைப் பாக்குறது."

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். திரையில் லட்டு அடுக்கியதுபோல உருண்டைகள், வரிசை வரிசையாக, வெகு ஒழுங்காக நின்றன. ஒவ்வொன்றும் ஓர் இரும்பு அணு, மொத்தம் ஒரு கோடி என்றாள். ஒரு கோடியும் சேர்ந்து எவ்வளவு பெரிசு என்று கேட்டார். ஒரு தலைமுடியின் தடிமனை ஆயிரமாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு. அந்தத் துண்டில் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரம் என்ன நடக்கிறது என்று பார்க்க, பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் மூன்று வாரம் ஓடியதாம்.

சீனி முகம்மதுக்கு முதல்முறையாகப் பொறாமை வந்தது. இதைவிடப் பெரிய புளுகு அவரால்கூடச் சொல்ல முடியாது. இவள் அதைச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறாள்.

திரையில் ஓரத்தில் ஒரு பிளவு இருந்தது. உருண்டைகளை யாரோ மேலும் கீழும் இழுத்தார்கள். பிளவின் நுனியில் ஒரு ஜோடி நீண்டது, இன்னும் நீண்டது, பிரிந்தது. உடனே அடுத்த ஜோடி.

"ரெண்டு பக்கமும் இழுக்கிறது யாரு?"

"நான்தான்."

"அதுங்க உனக்கு என்னம்மா பண்ணுச்சு?"

ரூபினி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "இத்தனை பேர் கையைக் கோத்துக்கிட்டு நிக்கிறாங்க. அந்த ஒரு ஜோடி மட்டும் ஏன் விடுது?"

"நுனி கூர்மையா இருக்கு பாய். மொத்த இழுவையும் அங்க நிக்கிற ஜோடி தலையில எறங்குது. சுத்தி இருக்கிறவங்க சும்மா நிப்பாங்க."

"நம்ம சங்கம் மாதிரி."

"அதேதான். அது கையை விட்டதும் பாரம் அடுத்த ஜோடிக்கு. சில உலோகம் இருக்கு, இழுத்தா வரிசை வரிசையா வழுக்கிக் குடுக்கும். நுனி மழுங்கிடும், விரிசல் நின்னுடும். உங்க மாவு மாதிரி. வார்ப்பிரும்பு அப்பளம் ஜாதி. அதுக்கு வழுக்கத் தெரியாது."

"நாளைக்கு எத்தனை ஜோடி விடுது?"

அவள் கடுகைப் பார்த்து, கைப்பேசியில் தட்டி, "ஒரு கடுகு தூரத்துக்கு ஏறக்குறைய அறுபது லட்சம்" என்றாள்.

சீனி முகம்மது கல்லைப் பார்த்தார். "என் ரொட்டிக்கு அடியில தெனமும் அறுபது லட்சம் ஜோடி பிரியுது. ஒரு பய என்கிட்ட சொல்லல."

"காரணம் உங்க தண்ணிதான் பாய். சூட்டுக் கல்லுல ஐஸ் தண்ணி விழுந்தா மேல்தோல் சட்டுனு சுருங்கும். உள்ள இன்னும் சூடு, அது சுருங்காது. ரெண்டும் இழுத்துக்கிட்டு, பழி நுனி மேல விழுது. தண்ணியை நிறுத்துங்க."

"அது கடையோட வாய்மா. வாயை மூடிக்கிட்டுப் பொழைக்கிற பொழப்பு எனக்கு வேணாம்."

மறுநாள் காலை, ஒரு கோப்பைக்குப் பதிலாக இரண்டு கோப்பை வீசினார். சத்தம் கெலுகோர் வரை போகட்டும் என்றுதான். விரிசல் அன்றைக்கு இரண்டு கடுகு ஓடியது. சீனி முகம்மது கணக்கைச் சரிசெய்ய ஒரு கடுகை வாயில் போட்டுக்கொண்டார்.

இப்படியே முப்பது கடுகு தாண்டியது. ஹுஸ்னா நாற்காலியின் மெத்தைக்குப் புது உறை மட்டும் வாங்கி வந்தாள். பச்சை நிறம், பூப்போட்டது.

அன்று கூட்டம் அதிகம். சீனி முகம்மது மாவை விசிறிக்கொண்டிருந்தார். நாலாவது வீச்சில், பட்டுத் துணிபோல் விரிந்த மாவில் ஒரு கீறல் விழுந்தது. வீசினால் அது ஓரம் வரை கிழியும். அதனால் அவர் செய்வது ஒன்றுண்டு. கீறலின் நுனியில் கட்டைவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். கீறல் போய் வட்ட ஓட்டை வரும். ஓட்டை கிழியாது, அப்படியே வீசலாம். நாற்பத்தொரு வருடமாக விரல் இதைச் செய்கிறது. அவரைக் கேட்டுச் செய்ததில்லை.

இன்று விரலை விட்டதும் அவர் நின்றுவிட்டார். மாவு முழங்கை வரை வழிந்து தொங்கியது.

"பாய், ரொட்டி" என்றார் ஒருவர்.

"இரு. யோசிக்கிறேன்."

அவர் யோசிப்பதைக் கடை பார்த்ததே இல்லை. எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

ரூபினி வந்ததும் கேட்டார். "நுனியில ஒரு ஓட்டை போட்டா?"

அவள் வாயில் வைத்த ரொட்டியோடு அவரைப் பார்த்தாள். விழுங்கினாள். "நிக்கும் பாய். கூர் இருந்தா ஒரு ஜோடி தலையில விழுற பாரம், வட்டம்னா கோடிக்கணக்கான பேருக்குப் பிரிஞ்சு போயிடும். கப்பல்ல, விமானத்துலகூட அவசரத்துக்கு அப்படிப் போடுவாங்க."

"அப்பறம் ஏன் மொதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கல. நான் ஓட விடுற ஆளு பாய். நிறுத்துறது வேற டிபார்ட்மெண்ட்."

சந்தின் மறுமுனையில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் தயாளன், துளைக்கும் இயந்திரத்தோடு வந்தான். "பாய், விரிசல் விட்டதுல ஓட்டையும் போடச் சொல்ற மொத ஆளு நீங்கதான் லா. எனக்கு ஒண்ணும் இல்ல, உங்க கல்லு." விரிசல் முடியும் இடத்தைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டான்.

இரண்டு நாள் விரிசல் அசையவில்லை. தண்ணீர் வீச்சும் நிற்கவில்லை. சீனி முகம்மது வெற்றியை இருபது பேருக்கு அறிவித்தார். அதில் ஒருவர் பத்திரிகைக்காரர் என்று பிற்பாடு சொன்னார். மூன்றாம் நாள், ஓட்டைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு முடி கிடந்தது. அவர் அதைத் துடைத்துப் பார்க்கவில்லை.

கோட்டுக்கு இன்னும் நாலு கடுகு.

"கண்ணுக்குத் தெரியுற நுனி நுனியில்ல பாய்" என்றாள் ரூபினி. "அதுக்கு முன்னாடியே போயிருக்கும். அங்க பிளவோட அகலம் ஒரு முடியில நூத்துல ஒரு பங்குகூட இருக்காது. நீங்க அதோட வால்லதான் ஓட்டை போட்டிருக்கீங்க."

"தலையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"லேப்ல ஒரு செவப்பு மருந்து தடவுவோம். பிளவுக்குள்ள எறங்கும். துடைச்சிட்டு மேல வெள்ளைத் தூள் போட்டா, மருந்து தூள்ல ஊறிக் கோடா தெரியும்."

"வெள்ளைத் தூளா? என்கிட்ட மூட்டை மூட்டையா இருக்கு."

மத்தியானம் மூன்று மணி, கடை ஓய்ந்திருந்தது. கல் குளிர்ந்திருந்தது. ஹுஸ்னா பாசாரில் காய்கறி வாங்கப் போயிருந்தாள். தயாளன் பட்டறையிலிருந்து மண்ணெண்ணெய் கொண்டுவந்தான். சீனி முகம்மது கல்லைத் தேய்த்துத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டு, சுத்தமாகத் துடைத்து, மேலே மைதா மாவைச் சலித்தார். பெருநாள் பலகாரத்துக்குக்கூட அவர் அவ்வளவு பொறுமையாகச் சலித்ததில்லை. ரூபினியோடு சேர்த்து மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

வெள்ளை மாவில் ஓட்டையிலிருந்து ஒரு கரிய கோடு ஊற ஆரம்பித்தது. முடி முடிந்த இடத்தைத் தாண்டியது. நிற்கும் என்று நினைத்த இடத்தைத் தாண்டியது. ஹுஸ்னா ஆணியால் கீறிய கோட்டை அடைந்தது. தாண்டி, ஒரு கடுகு தூரம் போய் நின்றது.

எதிர்வீட்டுச் சீனக் கிழவரின் வானொலி மட்டும் கேட்டது.

தயாளன்தான் முதலில் வாயைத் திறந்தான், மெதுவாக. "ஊதி விடுங்க பாய். மாவுதான. கண்ணுக்குத் தெரியாதது தாண்டல."

சீனி முகம்மது மூச்சை இழுத்தார். கன்னம் இரண்டும் உப்பின. சுவரிலிருந்து அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பல், இன்ஜின், வானம் என்று கல்லைப் பற்றி அவர் சொல்லாத பொய் இல்லை. ஆனால் கல்லிடம் பொய் சொன்னதில்லை. காயாத கல்லில் ரொட்டி போட்டதில்லை, புளித்த மாவை வைத்ததில்லை. இழுத்த மூச்சை மூக்கு வழியாக, மாவின் மேல் படாமல், பக்கவாட்டில் விட்டார்.

ஹுஸ்னா இரண்டு கையிலும் பையோடு வாசலில் நின்றாள்.

"இங்க வா புள்ள. தாண்டிருச்சு."

அவள் பைகளை வைத்துவிட்டு வந்து பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள், கறுப்பைப் பார்த்தாள், அத்தாவைப் பார்த்தாள். ஜெயித்த முகம் இல்லை அது. போய் அந்த நாற்காலியைக் காற்றாடிக்கு நேராக இழுத்துப் போட்டாள்.

"உக்கார மாட்டேன்" என்றார்.

"இருபது பேர் முன்னாடி சொன்னீங்க."

"சொன்னேன். இந்தக் கல்லு வானத்துல இருந்து விழுந்துச்சுன்னு இருபதாயிரம் பேர் முன்னாடி சொல்லியிருக்கேன். நாப்பத்தொரு வருஷத்துல நான் சொன்னதுல நீ நம்புனது இந்த ஒண்ணைத்தானா? உன்னைப் பெத்து எனக்கு என்ன பிரயோசனம்."

தயாளன் தலையைத் திருப்பிக்கொண்டான். ஹுஸ்னாவின் உதடு அசைந்தது. ஆனால் அவள் விடவில்லை.

"உங்க கால் அத்தா. நான் கேக்குறது அது ஒண்ணுதான்."

"உனக்கு என் கால் பயம். எனக்கு அந்த நாற்காலி பயம். அதுல உக்காந்தா நானும் இந்தக் கல்லு மாதிரிதான். வெளிய தெரியாது, உள்ள ஒவ்வொரு ஜோடியா விட்டுக்கிட்டே வரும். சொவத்துல எடம் பாத்து வச்சிருக்கியா?" அவர் குரல் ஏறவில்லை. மாவு பிசையும் நிதானத்தில் பேசினார். "தலை எங்க இருக்குன்னு இப்ப தெரிஞ்சிருச்சு. அங்க ஒரு ஓட்டை போடுறேன். அதுக்கும் அடங்கலைன்னா கல்லை நானே கொண்டுபோய்க் கடல்ல போடுறேன்."

"இதையாவது நம்பலாமா?"

"பாதி."

ஹுஸ்னா ரூபினியிடம் திரும்பினாள். "அக்கா, உண்மையைச் சொல்லுங்க. நிக்குமா?"

ரூபினி கொஞ்சம் யோசித்தாள். "நிக்கலாம். தண்ணி ஊத்துனா நிக்காது."

ஹுஸ்னா ஆணியில் தொங்கிய தகரக் கோப்பையை எடுத்துத் தன் பைக்குள், வெங்காயத்துக்கு அடியில் வைத்தாள். "ஓட்டை போடுங்க. கோப்பை என்கிட்ட இருக்கட்டும்."

சீனி முகம்மதின் முகம் போன போக்கைப் பார்த்து ரூபினி கல்லைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். கோப்பை போன ஆணியை அவர் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். பச்சைப் பூ உறை காற்றில் லேசாக ஆடியது.

"போடு தம்பி" என்றார்.

தயாளன் இயந்திரத்தின் முனையைக் கறுப்புக் கோட்டின் கடைசியில் வைத்தான்.

"அங்க இல்ல. இன்னும் ஒரு கடுகு தள்ளி வை."

"கோடு இங்கதான பாய் முடியுது?"

"முடிஞ்ச மாதிரி காட்டும். பொய் சொல்றவனை எனக்கு அடையாளம் தெரியும்."

இயந்திரம் கத்தியது. இரும்புத் தூள் மைதாவில் கறுப்பாகச் சுருண்டு விழுந்தது. துளைத்து முடிக்கும்வரை ஹுஸ்னா கல்லின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், அது எழுந்து ஓடிவிடும் என்பதுபோல.

மறுநாள் ஆறரைக்குச் சத்தம் வரவில்லை. சீனக் கிழவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்துக் கடை ஒன்பது மணிக்குத் திறந்தது. சந்தே நேரம் தெரியாமல் அலைந்தது. அதற்கு மறுநாள், கல் காய்ந்ததும் சீனி முகம்மது வாசலுக்கு வந்தார். ஒரு குவளை ஐஸ் தண்ணீரைத் தானே குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, பல்லிடுக்கு வழியாக, சந்தின் கடைசி வரை கேட்கும்படி, 'ஸ்ஸ்ஸ்ஸ்' என்றார்.

எதிர்வீட்டு மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் ஹுஸ்னா மண்ணெண்ணெய் தடவி மாவு சலித்துப் பார்த்தாள். கறுப்புக் கோடு ஓட்டைக்குள் இறங்கியது. மறுபக்கம் வெள்ளையாகவே இருந்தது. பத்தாவது வெள்ளிக்கிழமையும் வெள்ளைதான். நாற்காலி தண்ணீர் பாட்டில்கள் வைக்கும் இடமானது.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. இரண்டு ஓட்டை வழியாகவும் எண்ணெய் அடுப்பில் சொட்டியது. அதனால் தினமும் முதல் வேலையாக, சீனி முகம்மது இரண்டு சிட்டிகை மாவை உருட்டி இரண்டையும் அடைப்பார். கல் காயக் காய அது வெந்து, கொண்டைக்கடலை அளவில் இரண்டு ரொட்டியாகும். மத்தியானம் அடுப்பை அணைத்ததும் குச்சியால் தட்டி எடுத்து, ஒன்றைத் தான் வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றை ஹுஸ்னாவின் முன்னால் வைப்பார்.

ஒரு நாள் அந்த நேரத்துக்கு ஒரு வெள்ளைக்காரர், கழுத்தில் காமிராவோடு, கல்லில் ஏன் இரண்டு ஓட்டை என்று ஹுஸ்னாவிடம் கேட்டார். சீனி முகம்மது, படத்துக்கு வீசிக் காட்ட எடுத்த மாவைக் கையில் வைத்துக்கொண்டு காதைத் தீட்டினார்.

ஹுஸ்னா கடலை ரொட்டியை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"வானத்துல இருந்து விழும்போதே இருந்துச்சு" என்றாள். "எங்க அத்தா கண்ணால பாத்தாங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மாவை வீசினார். அது கொஞ்சம் அதிக உயரம் போயிற்று.